ஆற்று மணலில் ஏழாவது செவ்வாய்

அன்று நான் எவ்வளவு தூரம் நடந்து போனேன்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. ஒரு நாள் நூறடிதான் என்று தோன்றும். மறுநாள், இல்லை, ஆற்றின் வளைவு வரைக்கும் போய்விட்டேன், அது ஒரு பர்லாங்காவது இருக்கும் என்று தோன்றும். எட்டாம் வகுப்புவரை கணக்கில் முதலாவதாக வந்தவள் நான். என் கால் நடந்த தூரத்தை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

எல்லாம் டாக்டரால் தொடங்கியது. என் மகளுக்கு ஒன்றரை வயதாகியும் நடை வரவில்லை. பிடித்துக்கொண்டால் நிற்பாள், விட்டால் உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குப் பின்னால் பிறந்த குழந்தைகளெல்லாம் வாசலில் கோழி விரட்டிக்கொண்டிருந்தன. அவை என்னைப் பார்த்து ஏளனமாகச் சிரித்ததாகக்கூட எனக்குத் தோன்றியது. ஆறு மாதக் குழந்தையின் சிரிப்பிலும் ஏளனம் கண்டுபிடிக்கும் திறமை எனக்கு உண்டு.

கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் குழந்தையின் கால்களை இரண்டு முறை மடக்கி நீட்டினார். பிறகு என்னை நெடுநேரம் பார்த்தார். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை, தாய்க்குத்தான் கவலை அதிகம், தினமும் மாலையில் மரநிழலிலும் ஆற்றோரத்திலும் சுலபமாக ஒரு நடை போய்வந்தால் இருவருக்கும் நல்லது என்றார். இவ்வளவையும் நாற்காலியை விட்டு எழாமலேயே சொன்னார். சுலபம் என்ற சொல்லை இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். பாவம், அவர் எங்கள் ஊருக்கு மருமகளாக வந்ததில்லை.

நடை என்னவோ சுலபம்தான். தோட்டத்து நடுவில் இருக்கும் எங்கள் சாளை வீட்டிலிருந்து வாய்க்கால் கரையில் இறங்கித் தென்னந்தோப்பைத் தாண்டினால், புங்கமும் மருதமும் அடர்ந்த ஒரு சோலை வரும். அதற்குள்ளே அரை மைலுக்கு ஒற்றையடிப் பாதை. மேடு கிடையாது, முள் கிடையாது. பாதை முடிகிற இடத்தில் நொய்யல் ஆறு. மாசி மாதத்தில் அகன்ற மணலுக்கு ஒரு ஓரமாக ஒதுங்கி ஓடிக்கொண்டிருக்கும். கால் உள்ள யாரும் அங்கே நடக்கலாம். பெண்ணாக இருந்தால் மட்டும் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

படித்தவள் என்பதால் இது எனக்குத் தெரியவில்லை. நல்ல சேலை ஒன்றை உடுத்தி, குழந்தையை இடுப்பில் வைத்து, வெறுங்கையோடு கிளம்பிவிட்டேன். எங்கள் பக்கத்தில் கூடையோ குடமோ இல்லாமல், பொழுது சாய்கிற நேரத்தில், கைக்குழந்தையோடு நடந்து போகிறவள் என்றால் ஒரே பொருள்தான்: புருஷன் வீட்டில் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறாள். இரண்டாம் நாள், களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்கள். வீட்டில் என்னங்க நடந்துபோச்சு என்று மிகவும் மரியாதையாக விசாரித்தார்கள். காற்று வாங்கப் போகிறேன் என்று சொன்னேன். அவர்களில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் என் தந்தை, ஊர்ப் பெரியவர்கள் இருவரோடு வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். சமாதானம் பேசத்தான். என்ன சண்டை என்று என் மாமியாருக்குத் தெரியாது. ஆனாலும் வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் இல்லாததால் இலை போட்டு, இனிமேல் அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வதாக வாக்கும் கொடுத்தார். எதற்கு என்று தெரியாமலேயே என் கணவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வந்தவர்கள் மிகவும் திருப்தியாகத் திரும்பிப் போனார்கள். நடந்ததை நான் விளக்க முயன்றபோது, விட்டுக்கொடுத்துப் போம்மா என்று என் தந்தை என் தலையைத் தடவினார்.

மாமியார் என்னைக் கோபிக்கவில்லை. வண்டி மறைந்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "நடக்கறதுன்னா ஒரு வேலையா நடக்கோணுங் கண்ணு. சும்மா நடந்தா ஊரு சும்மா இருக்குமா?"

வேலையையும் அவரே கண்டுபிடித்தார். நடை வராத குழந்தையை ஆற்று மணலில் குழி பறித்து நிற்க வைத்து, தொடைவரைக்கும் ஈர மணலை அணைத்து, அரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும். ஒன்பது செவ்வாய்க்கிழமை இப்படிச் செய்தால் கால் பலப்படும். அவர் பெற்ற பிள்ளைகள் எல்லோரும் அப்படி நின்றவர்களாம். டாக்டர் நடக்கச் சொன்னார், மாமியார் நடச் சொன்னார். எந்த வழக்கிலும் இரு தரப்பையும் ஜெயிக்க வைக்கிற என் கணவர், இரண்டையும் செய்தால் போகிறது என்று தீர்ப்பளித்துவிட்டுப் பருத்திக் காட்டுக்குப் போய்விட்டார்.

ஆறு செவ்வாய்க்கிழமைகள் மாமியாரும் நானும் சேர்ந்து போனோம். கையில் கூடை, கூடைக்குள் குழி பறிக்கத் தேங்காய்த் தொட்டி. இப்போது யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. முதல் வாரம் அழுத என் மகள், மூன்றாவது வாரத்திலிருந்து கத்தரி நாற்றைப்போல அடக்கமாக நின்றாள்.

ஏழாவது செவ்வாயன்று மாமியாருக்கு முழங்கால் வீங்கிக்கொண்டது. நான் மட்டும் போனேன். குழி பறித்தேன், அவளை நிற்க வைத்தேன், மணலை அணைத்தேன். கால் வலிக்குமோ என்று நினைத்து வழக்கம்போல் இறுக்கி அணைக்கவில்லை. கையில் ஒரு துண்டு கருப்பட்டி கொடுத்தேன். அவள் அதை நக்க ஆரம்பித்தாள்.

இடுப்பு காலியாக இருந்தது. கையும் காலியாக இருந்தது. ஒரு மருத மரம்வரை போய்த் திரும்பலாம் என்று நடந்தேன். மணலோரத்து நிழலில் கையை வீசி நடந்தேன். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு நான் கை வீசி நடந்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் மரத்துக்குப் பிறகு அடுத்த மரம். மீன்கொத்தி ஒன்று எனக்கு முன்னால் கிளை கிளையாகத் தாவிக்கொண்டே போனது. எனக்குக் குழந்தை இருக்கிறது என்பது எத்தனை மரங்களுக்கு மறந்து போயிற்று என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டர் சொன்னது சரிதான். உடம்புக்கு மிகவும் நன்றாக இருந்தது.

திரும்பி வந்தபோது குழி காலியாக இருந்தது.

குழியின் ஒரு பக்கம் மணல் சரிந்திருந்தது. அங்கே உள்ளங்கை பதிந்த தடம், முழங்கால் பதிந்த தடம். அதற்கப்புறம் சின்னச் சின்னப் பாதங்கள். நேராகத் தண்ணீரை நோக்கிப் போயிருந்தன. ஓடினேன். நாணல் புதருக்கு அந்தப் பக்கம், ஒரு கையால் நாணலைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் தண்ணீரிலும் ஒரு கால் மணலிலுமாக அவள் நின்றுகொண்டிருந்தாள். வாயைச் சுற்றிலும் கருப்பட்டி.

எதிர்க்கரையில் ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி ஆற்றுக்குள் நின்றிருந்தாள். முழங்காலளவு தண்ணீரில் பாதி ஆறுவரை இறங்கி வந்திருந்தாள். எருவுக்காக எங்கள் தோட்டத்தில் ஆட்டுக்கிடை போட வருகிறவள்.

"ஏனுங் அம்மணி, கொழந்தைய ஆத்துக்கு அனுப்பிப்போட்டு நீங்க எங்கீங்க போனீங்க?" என்றாள்.

நான் குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நா பாத்துக்கிட்டேதானுங்க இருந்தேன். பதனமா, மெல்ல மெல்ல எட்டு வெச்சு வந்துச்சுங்க. பத்து எட்டு இருக்கும். கீழ உழுகவேயில்லீங்க. ஊட்ல நா சொல்லமாட்டேனுங்க."

என் மகள் முதன்முதலாக நடந்ததை ஆட்டுக்காரி பார்த்தாள், ஆடுகள் பார்த்தன. நான் மீன்கொத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றும் நேரத்தில், வீட்டார் அனைவர் முன்னிலையிலும் அவள் தூணிலிருந்து சுவர்வரை நடந்தாள். மாமியார் அழுதார். நானும் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் மறுக்கவில்லை. டாக்டர் கெட்டிக்காரர் என்றார் கணவர். மணல்தான் என்றார் மாமியார். சமாதானத்துக்குப் பிறகு வீட்டில் நிம்மதி இருப்பதால்தான் என்று என் தந்தை கடிதம் எழுதினார்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது என் மகனுக்குப் பதினைந்து மாதம். பிடித்துக்கொண்டு நிற்கிறான், விட்டால் உட்கார்ந்துவிடுகிறான். மாமியாரின் முழங்கால் இப்போது சோலைவரைகூடத் தாங்குவதில்லை. போன வாரம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீயே கூட்டிட்டுப் போயி நிறுத்து கண்ணு. உங்கையி ராசியான கையி. பக்கத்துத் தோட்டத்துல ரெண்டு கொழந்தைக நடக்காம இருக்குதுங்க. அதுகளையும் சேத்துக் கூட்டிட்டுப் போறயா? உன்னைய நம்பித்தான் அனுப்பறாங்க."

சரிங்க அத்தை என்று சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை மட்டும் தடையில்லாமல் வந்துவிடும்.

ஆக, வருகிற செவ்வாய்க்கிழமை மூன்று குழிகள், மூன்று குழந்தைகள், ஒரு ராசியான கை. ஆட்டுக்கிடை இப்போது வேறு ஊருக்குப் போய்விட்டது. நடந்ததைச் சொன்னால் மாமியார் என்னைத் திட்டமாட்டார், மரியாதையாகப் பேசுவார், குழந்தைகளை மட்டும் இனி என்னிடம் தரமாட்டார். அதைத் தாங்கிக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன், முடியவில்லை. சொல்லாமல் போனாலோ, இந்தத் தடவை குழியைவிட்டு ஓரடியும் நகரமாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொள்ள வேண்டும். செய்து பார்த்தேன். நான் அதை நம்பவில்லை.

இதைப் படிக்கிற தாய்மார்களே, உங்களில் யாராவது இப்படி ஒரு விஷயத்தை வீட்டில் சொல்லியிருக்கிறீர்களா? சொன்னவர்கள், எந்த வார்த்தையில் ஆரம்பித்தீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். செவ்வாய்க்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது.