காதில் விழாத உகரம்

எனக்கு இடது காது சரியாகக் கேட்காது. இந்த வயதில் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லைதான், என்ன தொழில் செய்கிறீர்கள் என்று யாரும் கேட்காதவரை. நான் சத்தம் அளப்பவன். ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட், கல்யாண மண்டபம் என்று கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே எந்தக் கூரைமேல் எந்த இயந்திரம் உறுமினாலும், ஒலி அளக்கும் மீட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். எவ்வளவு உறுமுகிறது, எதனால் உறுமுகிறது, எப்படி அடக்கலாம் என்று எழுதிக் கொடுப்பேன். காது போன விஷயத்தை மட்டும் மூன்று வருடமாக எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை. காதுக்கருவி மாட்டிக்கொண்டு சத்தம் அளக்கப் போவது, வழுக்கைத் தலையோடு முடி வளரும் தைலம் விற்கப் போவதைப் போல என்று நினைத்தேன்.

காது போனதும் என் சொந்த உழைப்பில்தான். சிப்காட் பக்கம் கம்ப்ரஸர் அறைகளில் பத்து வருடம், காதடைப்பான் போடாமல் நிற்காதீர்கள் என்று தொழிலாளர்களுக்குப் பாடம் நடத்தினேன். அடைப்பான் போட்டால் என் பேச்சு எனக்கே கேட்காது என்பதால் நான் மட்டும் போடவில்லை. இயந்திரத்தை இடப்பக்கம் விட்டு ஆட்களை வலப்பக்கம் நிறுத்திப் பேசுவது என் வழக்கம். அதனால் வலது காது தப்பியது. வீட்டில் மட்டும் விஷயம் தெரியும். ஆனால் என் மனைவி அதை நோய் என்று ஒப்புக்கொண்டதில்லை. குணம் என்றாள்.

போன வருடம் சிதம்பரத்திலிருந்து ஒரு ஜவுளிக்கடை முதலாளி கூப்பிட்டார். பல வருடம் மலேசியாவில் கடை நடத்திவிட்டுத் திரும்பிய பாய். மூன்று மாடிக் கடை, மொட்டை மாடியில் வரிசையாக எட்டு ஏசி யூனிட்கள். கடையை ஒட்டி, ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒரு சின்ன ஓட்டு வீடு. அந்த வீட்டுக்காரர் சத்தம் தாங்கவில்லை என்று நகராட்சியில் மனுக் கொடுத்திருந்தார்.

"அவர் பாவம் சார், கண்ணு தெரியாதவரு. தனியா இருக்காரு. நீங்க என்ன சொல்றீங்களோ செஞ்சிடுறேன், யூனிட்ட மாத்தணும்னாலும் மாத்திடுறேன். ஆனா சும்மா ஒரு மனு வந்துதுன்னு மாத்த முடியாது பாருங்க. போன வாரம்கூட யூனிட்டுல ரெண்டு ஃபேன் புதுசு போட்டோம்" என்றார் முதலாளி.

நியாயமான பேச்சு. நான் எழுதுவதுதான் தீர்ப்பு என்று மனுவைக் கவனித்த அதிகாரியும் சொல்லியிருந்தார்.

வீட்டுக்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும். ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க ரிசீவரில் பேசியவரின் குரல்: தாழ்ந்த, பதமான, ஒரு சொல்லையும் வீணாக உயர்த்தாத குரல். என் போன்றவனுக்கு அதைவிடக் கொடுமையான குரல் கிடையாது. இருந்த ஒரே நாற்காலி சுவரோரமாக இருந்தது. அதில் உட்கார்ந்தபோது என் இடது காது அவர் பக்கம் போய்விட்டது. நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கலாம். பார்வையில்லாதவர் முன்னால் நாற்காலியைத் திருப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் தரையில் உரசுமே, ஏன் என்று கேட்பாரே என்று விட்டுவிட்டேன்.

எங்கள் தொழிலில் மீட்டரைத் திறப்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி உண்டு. என்ன மாதிரி சத்தம், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்பது. 'ஙொய்' என்றால் மோட்டார் பேரிங். 'கடகட' என்றால் எங்கோ தகரம் தளர்ந்திருக்கிறது. 'உஸ்' என்றால் காற்று. 'கும்' என்றால்தான் விவகாரம்: இயந்திரத்தின் அதிர்வு தளத்தில் இறங்கி, சுவருக்குள் நுழைந்து, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அதைக் காற்றில் தேடினால் கிடைக்காது. மீட்டரும் வழக்கமான அமைப்பில் இருந்தால் இந்த அடித்தொண்டைச் சத்தத்தைப் பெரும்பாலும் தள்ளிவிட்டுத்தான் எண் காட்டும். யாராவது 'கும்' என்று சொன்னால் நாம்தான் அமைப்பை மாற்றிவைத்து அளக்க வேண்டும்.

கேட்டேன். "எப்படி இருக்குது சார் சத்தம்?"

அவர் சொன்னார். என் காதில் விழுந்தது இது: "எப்பப் பாத்தாலும் கம்முனு இருக்குது சார்."

எங்கள் பக்கத்தில் கம்முனு என்றால் வேறு பொருளே கிடையாது. கம்முனு இரு என்றால் வாயை மூடிக்கொண்டு இரு. புது ஃபேன் போட்டதும் அடங்கிவிட்டது போல என்று முடிவுகட்டிக்கொண்டேன். மனுக் கொடுத்தவர் வாயாலேயே அமைதி என்று வந்தால் எவ்வளவு நிம்மதி!

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. திருப்தியான மனிதரின் மௌனம் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு ஐந்து நிமிடம் ஏதோ விளக்கினார். அதில் பால், குடம், தங்கச்சி என்ற மூன்று சொற்கள் எனக்குத் தெளிவாகக் கிடைத்தன. வீட்டுச் சங்கதி பேசுகிறார் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அவருக்கு என் தலை தெரியாது என்பது பாதியில்தான் உறைத்தது. அதன்பின் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு 'ஆமாமா' வீதம் போட்டேன். இன்னொரு தடவை சொல்லுங்க சார் என்று கேட்க நான்கு சொல் போதும். கேட்கவில்லை. சத்தம் அளக்க வந்தவன் எப்படிக் கேட்பது?

மீட்டரை வழக்கமான அமைப்பிலேயே வைத்து அளந்தேன். எண் வரம்புக்குள் இருந்தது. அறிக்கையின் கடைசிப் பத்தியில், 'தற்போது அமைதியாக இருப்பதாகக் குடியிருப்பாளரே தெரிவித்தார்' என்று எழுதினேன். அந்த 'ஏ'காரத்தை ரசித்து எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனு முடித்துவைக்கப்பட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண்மணி போன் செய்தார். வலது காதில் வைத்துக் கேட்டேன்.

"நான் சிதம்பரத்துல ஜவுளிக்கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரரோட தங்கச்சி பேசறேன், புவனகிரியிலேர்ந்து. இப்பத்தான் உங்க பேப்பர வாங்கிப் படிச்சேன். எங்கண்ணன் கஷ்டத்தச் சொன்னாரு. அதுக்கு நீங்க ரொம்ப சந்தோஷம்னு சொன்னீங்களாமே?"

"அமைதியா இருக்குன்னுதானம்மா சொன்னாரு…"

"கும்முனு இருக்குதுன்னு சொன்னாராம் சார். கும்முனு. செவத்துக்குள்ள வண்டி ஓடுற மாதிரி. அதுக்கு எதுக்கு சார் சந்தோஷம்?"

அந்த ஐந்து நிமிடத்தை அவர்தான் எனக்குத் திரும்பச் சொன்னார். அண்ணன் முப்பது வருடமாகத் தானே சமைத்துச் சாப்பிடுகிறார். குடத்தில் தண்ணீர் ஏற ஏறச் சத்தம் மாறுவதை வைத்துக் குழாயை மூடுவார். பால் பொங்குவதற்கு முன்னால் பாத்திரத்தின் ஓரத்தில் சுருசுருவென்று ஒரு சத்தம் வரும். அதற்குள் அடுப்பை அணைப்பார். சந்தில் யார் வருகிறார்கள் என்று செருப்பை வைத்துச் சொல்வார். அந்தக் கும் வந்தபிறகு இதில் ஒன்றும் சரியாகப் பிடிபடவில்லை. இப்படியே போனால் தங்கச்சி தன்னை இங்கே தனியாக விட்டுவைக்க மாட்டாள், இந்த வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் 'ஆமாமா' என்றிருக்கிறேன்.

"போன வாரம் பால் பொங்கி அடுப்பு அணஞ்சுபோயி கேஸ் பாட்டுக்கு வந்துட்டிருக்குது. அவருக்கு ஜலதோஷம், வாசனையும் தெரியல. நான் தற்செயலாப் போனேன். போகாட்டி என்னா ஆயிருக்கும்? இனிமே அங்க விட முடியாதுன்னு கூட்டியாந்துட்டேன்."

"அவர் என்னம்மா சொன்னாரு?"

"வர்ற வழியெல்லாம் அழுதாரு."

மறுநாள் சிதம்பரம் போனேன். வீட்டுச் சாவி பக்கத்து டீக்கடையில் இருந்தது. உள்ளே போய், அன்று உட்கார்ந்த நாற்காலிக்குப் பின்னாலிருந்த சுவரில் உள்ளங்கையை வைத்தேன். காய்ச்சல்காரனின் நெற்றியில் கை வைத்தது போலத் தெரிந்துவிட்டது. மீட்டரின் அமைப்பை மாற்றியதும் எண் துள்ளிக்கொண்டு ஏறியது. கம்மையும் கும்மையும் பிரிக்கும் உகரத்துக்கு உயிர் கொடுப்பதும் ஒலியின் இந்தத் தாழ்ந்த பகுதிதான். அதை அந்தச் சுவரின் கும் மூடியிருக்கும், மீதியை என் காது பார்த்துக்கொண்டது. இதைப் புரிந்துகொள்ளும் படிப்பு என்னிடம் ஏராளமாக இருந்தது.

முதலாளியிடம் போனேன்.

"என்னா சார் சொல்றீங்க? நீங்கதான அமைதின்னு எழுதுனீங்க?" என்று கல்லாவுக்குப் பின்னால் கை காட்டினார். அங்கே கடை உரிமத்துக்குப் பக்கத்தில், லேமினேட் செய்யப்பட்டு, என் அறிக்கை தொங்கியது.

"மறு ஆய்வுல கொஞ்சம் வேற மாதிரி வருது பாய்."

"மொதல் ஆய்வுல என்னா ஆச்சு?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பருவநிலை" என்றேன். அவர் செய்ய வேண்டியதை எழுதிக் கொடுக்கச் சொன்னார். சொன்ன சொல் தவறாத மனிதர். பத்தே நாளில் யூனிட்களின் இரும்பு ஸ்டாண்டுகளுக்கு அடியில் ஸ்பிரிங்குகள் வந்து உட்கார்ந்தன. மறுபடி போய்ச் சுவரில் கை வைத்தேன். சுவர் செத்துக் கிடந்தது. வேலை அவ்வளவுதான், முதல் நாளே எழுதியிருந்தால் அவர் பால் காய்ச்சிக் குடித்துக்கொண்டு அங்கேயே இருந்திருப்பார்.

இனி அவரைத் திருப்பி அனுப்பலாமே என்று தங்கச்சிக்குப் போன் செய்தேன். பூட்டிக் கிடக்கும் வீடு பாழாகும் என்று அதற்குள் கடைக்காரருக்கே வாடகைக்கு விட்டுவிட்டார்களாம். குடோனாக. அப்புறம் ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். தரையிலிருந்து ஓடு வரைக்கும் துணிக்கட்டுகள். துணியைவிடச் சத்தத்தை நன்றாகக் குடிக்கும் பொருள் குறைவு. கைதட்டிப் பார்த்தேன், தட்டிய இடத்திலேயே ஓசை விழுந்து முடிந்தது. அவ்வளவு அமைதியான அறையை என் தொழிலில் நான் கட்டிக் கொடுத்ததில்லை.

புவனகிரிக்குப் போக எனக்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது. தங்கச்சி வீடு மெயின் ரோட்டின் மேலேயே இருந்தது. பஸ் ஹாரன், உள்ளே டிவி, குக்கர். கூடத்தில் ஒரு நாற்காலியில் அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சமையல், தண்ணீர் எதற்கும் இப்போது அவரை யாரும் எழவிடுவதில்லையாம். தங்கச்சி அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

இந்தத் தடவை நாற்காலியை இழுத்து, தரையில் நன்றாக உரசவிட்டு, வலது காதை அவர் பக்கம் வைத்து உட்கார்ந்தேன்.

"சார், எனக்கு இடது காது கேக்காது. மூணு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. நீங்க கும்முனு சொன்னது எனக்குக் கம்முனு விழுந்துடுச்சு. மன்னிச்சிடுங்க."

ஒரு பஸ் போய் முடியும்வரை காத்திருந்தார்.

"தெரியும் சார். நீங்க சந்தோஷம்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே தெரியும். வருஷக்கணக்கா லைன்ல பேசுனவன், காது கேக்காதவங்க ஆமா போடறது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா சார் விட்டுட்டீங்க? கத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"மிஷின் எடுத்தாந்திருந்தீங்களே சார்" என்றார். "அதுக்காவது கேக்கும்னு நெனச்சேன்."