நூல் பிடித்து இடித்தவர்

அவருக்குத் தொழில் வீடு இடிப்பது. சம்மட்டிக்காரர் என்றால் தெரியாத ஆள் இல்லை. முப்பது வருஷம் கையால் சுவரை இடித்தவர், வீட்டில் வாயால் இடித்துக்கொண்டிருந்தார். குழம்பில் உப்புக் குறைந்தால் மனைவியின் கையில் ஆரம்பித்து அவளைப் பெற்றவர்கள் வரைக்கும் போய்த்தான் மூச்சு வாங்குவார். நாலு மாதத்துக்கு முன்னால் அவள் ஒரு பையில் துணியை அடுக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். "நீங்க நல்லா இருங்க" என்றாள், அவ்வளவுதான்.

ஜெபவீட்டில் வாரத்துக்கு ஒருவர் வேதம் வாசிக்க வேண்டும். அவர் முறைக்கு வந்து விழுந்தது, இடிந்துபோன நகரத்தைப் பற்றிய புலம்பல். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அதனால் வேலைக்குப் போன இடத்திலேயே, மதியச் சாப்பாடு முடிந்ததும், பாதி இடித்த மாடிப்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு வாசித்துப் பழகினார்.

முதல் மூன்று நாள் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நகரம் தனியாக உட்கார்ந்து அழுகிறது.

"என் கதையேதான்பா" என்றார், கம்பி வெட்டுகிறவரிடம்.

"அண்ணே, அந்த ஊரு தப்பு செஞ்சுட்டு அழுதுச்சு. நீங்க தப்பே செய்யாம அழுறீங்களாக்கும்?"

"உன் வேலையப் பாருடா."

நாலாவது நாள் ஒரு வரியில் நின்றுவிட்டார். மதிலை இடிக்க முடிவு செய்த கர்த்தர், முதலில் நூல் பிடித்து அளந்தார் என்று இருந்தது. திரும்பவும் எழுத்துக் கூட்டினார். அப்படித்தான் இருந்தது.

"டேய், இடிக்கிறவனுக்கு நூல் எதுக்குடா?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்க. பக்கத்து வீட்டுச் சுவரு ஒட்டியிருந்தா பிடிப்போம்ல? இதுவரைக்கும் விழணும், அந்தப் பக்கம் நிக்கணும்னு."

சம்மட்டிக்காரர் அந்த வரியில் விரலை வைத்தார். அவ்வளவு கோபத்திலும் கர்த்தர் எதையோ நிற்க விட்டிருக்கிறார். தான் வீட்டில் ஒரு நாளாவது நூல் பிடித்ததுண்டா? புலம்பலில் தான் அழுகிற நகரம் இல்லை, நூல் பிடிக்காமல் இடித்தவன் என்று அப்போதுதான் பிடிபட்டது. சாயங்காலம் மனைவிக்குப் போன் போட்டார்.

"நான்தான்."

"தெரியுது. என்ன, திட்டுறதுக்கு ஆள் கிடைக்கலையா?"

"எனக்குள்ள இடிக்க வேண்டியது நிறைய கிடக்கு. எது விழணும், எது நிக்கணும்னு தெரியல. நீதான் நூல் பிடிச்சுச் சொல்லணும்."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"நாக்குலேர்ந்து ஆரம்பிக்கலாமா?"

பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கினார்.

"சரி."

ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிப்பது தன் முறை என்றும் சொன்னார். வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ஜெபவீட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர் வாசித்தார். ஏழெட்டு இடத்தில் தடுக்கினார், அந்த வரியில் தடுக்கவில்லை. முடித்ததும் பின்னால் போய், எப்படி வாசித்தேன் என்றுகூடக் கேட்காமல், ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார். நடுவில் இருந்த கைப்பையை அவள் எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள்.