செல்விக்குக் காய்ச்சிய எலும்புத் தண்ணீர்

போன வாரம், நான் சமையல் செய்யும் அடையாறு வீட்டில், அந்த வீட்டுப் பெண் ஓர் அட்டைப் பெட்டியை என் கையில் கொடுத்தாள். மேலே கோழிப் படம். "ஆன்ட்டி, சூப்புக்கு இதை ஊத்தினா போதும். அந்த எலும்பையெல்லாம் குப்பையில போட்டுடுங்க" என்றாள். நல்ல பெண்தான். என்னிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. பெட்டியைத் திறந்து முகர்ந்தேன். உப்புத் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்தது போல ஒரு வாசனை. ஒரு முழுக் கோழியின் கூடு, கழுத்து, இரண்டு கால், எல்லாம் குப்பைக்குப் போக வேண்டியதுதான். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் மற்றவர்களுக்குப் பேச்சு வரும். எனக்கு இருக்கிற பேச்சும் போய்விடும். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை ஊற்றினேன்.

கோழிக் காலைத் தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆறாது. கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிடம் முக்கி எடுத்தால் மேல் தோல், காலுறை கழற்றுவது போல வந்துவிடும். நகத்தை நறுக்கிவிட வேண்டும். அந்தக் காலில்தான் பசையே இருக்கிறது. கால் போட்டுக் காய்ச்சினால், ஆறிய பிறகு நுங்கு மாதிரி தளதளவென்று நிற்கும். நான் சைதாப்பேட்டை ஆற்றோரத்துக் குடிசை வரிசையில் இருந்தபோது, அங்கே மார்க்கெட்டில் கறிக்கடை பாய் கூடு, கழுத்து, கால் மூன்றையும் தனியாகக் கூடையில் போட்டு வைத்திருப்பார். ஆற்றோரத்துப் பெண்கள் போனால் முறம் நிறையக் கொடுப்பார். "எந்த வூட்ல புள்ள பொறந்துதும்மா?" என்று மட்டும் கேட்பார்.

ஏனென்றால் எங்கள் வரிசையில் ஒருத்தி பிள்ளை பெற்று வந்தால் எல்லா வீட்டிலிருந்தும் ஏதாவது வரும். ஒருத்தி கழுத்து கொண்டுவருவாள், ஒருத்தி சின்ன வெங்காயம், ஒருத்தி மிளகு, ஒருத்தி சவுக்குக் கட்டை. ஆற்றங்கரை வெட்டவெளியில் மூன்று கல் வைத்துப் பெரிய குண்டானை ஏற்றுவோம். எலும்புத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் சிணுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நுரையை வழித்து வழித்து எடுக்க வேண்டும். உப்பு கடைசியில்தான். இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. குண்டானுக்குக் காவல் நிற்கிறவள் முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு, அதை இறக்கும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் தாய்க்குப் பால் ஊறாது என்பார்கள். யார் தொடங்கியது, தெரியாது. நாங்கள் மீறியதில்லை.

அந்தக் காவலுக்கு எப்போதும் என்னைத்தான் நிறுத்துவார்கள். "இவளுக்கு வாயைக் கட்டவே வாணாம்மே, சும்மா நிக்க வச்சாலே போதும்" என்று பக்கத்து வீட்டு மல்லிகா கேலி செய்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். பேசத் தெரியாதவளுக்கு ஒரு வேலையாவது கிடைத்ததே.

மல்லிகாவின் மகள்தான் செல்வி. அவளுடைய முதல் குழந்தை பத்து நாளில் போய்விட்டது. பால் சுரக்கவே இல்லை. புட்டிப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவதும் பெண். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அது அழுத அழுகை வரிசை முழுவதும் கேட்டது. அன்று காலை ஏழு மணிக்கே குண்டானை ஏற்றிவிட்டோம். நான் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பத்து மணி இருக்கும். மூன்று பேர் வந்தார்கள். இடிப்பதற்காக ஆற்றோரத்து வீடுகளைக் கணக்கெடுக்கிறார்களாம். யார் வீட்டுச் சுவரில் எண் எழுதுகிறார்களோ அவர்களுக்குத்தான் வேறு இடத்தில் வீடு. என் வீட்டு வாசலில் நின்று, அட்டையும் பேனாவும் வைத்திருந்தவர் கேட்டார்.

"யாருது இது? உள்ள யாராவது இருக்கீங்களா?"

இருபதடி தூரத்தில் நான் நின்றேன். கரண்டியைத் தூக்கி ஆட்டினேன். நெஞ்சில் கையை வைத்துக் காட்டினேன். அவர் சிரித்தார். "என்னம்மா, ஊமையா?"

மல்லிகா ஓடி வந்தாள். "சார், அது அந்தக்கா வூடுதான் சார். புள்ள பெத்தவளுக்குக் காய்ச்சிக்கினு கீது, பேசக் கூடாது. அரை மணி பொறுத்துக்க சார்."

"மௌன விரதமா? சம்பந்தப்பட்டவங்க வாயால சொல்லணும். நூத்துக்கணக்கில வீடு இருக்கு எங்களுக்கு."

"இன்னா சார் இப்டி பேசற? நான் சொல்றனே, போதாதா?"

"நீ உன் வீட்டுக்கு மட்டும் சொல்லு."

நான் பேசியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. முந்தானை முடிச்சில் கை வைத்தும்விட்டேன். அப்போது குழந்தை அழுதது. கையை எடுத்துவிட்டேன். வரிசையில் மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. அவரவர் சுவரில் எழுதுகிறார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாயை யார் கட்டினார்கள்? இத்தனை வருடம் கழித்தும் அது எனக்கு ஆறவில்லை.

என் வீட்டுச் சுவரில் எண் எழுதாமலே அந்த மூன்று பேரும் போய்விட்டார்கள். குண்டானை இறக்கிய கையோடு கரண்டியைக்கூடப் போடாமல் பாலம் வரைக்கும் ஓடினேன். பார்த்தவர்கள் நான் யாரையோ அடிக்கத்தான் ஓடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அடித்திருந்தாலும் தப்பில்லை. அவர்கள் வந்த ஜீப் போய்விட்டது. அரை மணி கழித்துத் திரும்பி வர அந்தப் பேனாக்காரருக்குக் கால் இல்லையா?

பிறகு ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் ஓர் அம்மா காகிதத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்கள்: "சர்வே அன்னிக்கு வீடு பூட்டியிருந்துதுன்னு போட்டிருக்கும்மா." என் வீட்டுக்கு ஏது கதவு? பழைய புடவையைத்தான் வாசலில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். புடவையை எப்படிப் பூட்டுவது? இதையாவது அந்த அம்மாவிடம் கேட்டேனா என்றால், அதுவும் இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

செல்விக்கு அன்று சாயங்காலமே பால் ஊறியது. எலும்புத் தண்ணீராலா, எதனாலோ. குழந்தை பிழைத்தது. இப்போது காலேஜ் போகிறாள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. குழந்தையா வீடா என்று ஒருத்தியை அடுப்படியில் நிறுத்திக் கேட்டார்களே, அதுதான் கோபம். எண் கிடைத்தவர்கள் லாரியில் ஏறிய அன்று மல்லிகா என் கையை விடவில்லை. "எங்க கூட வந்துடுக்கா" என்று அழுதாள். எந்த வீட்டுக்கு? ஊருக்கு வெளியே போன இடத்திலும் சீட்டுக் குலுக்கி, ஆளுக்கொரு மாடியில் பிரித்துப் போட்டுவிட்டார்கள். செல்வி மூன்றாவது பெற்றபோது கழுத்துக் கொண்டுவரவும் மிளகு கொண்டுவரவும் அந்த மாடியில் யாருமில்லை. எனக்குத் திருவான்மியூரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை கிடைத்தது.

நேற்று, அந்த அட்டைப் பெட்டிக் கோபத்தோடேயே, சைதாப்பேட்டைக்கு பஸ் ஏறினேன். ஆற்றோரம் முழுக்கக் கம்பி வேலி. உள்ளே நடப்பதற்குப் பாதை, பக்கத்தில் புல். வேலி ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன், என் வயசு இருக்கும், "இன்னாமா வோணும்?" என்றார்.

எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. கத்தினேன். "இங்க என் வூடு இருந்துது!"

அவர் பதறி எழுந்தார். "எங்கமா?"

கையை நீட்டினேன். எதைக் காட்டுவது? கல் இல்லை, சுவர் இல்லை, மல்லிகா வீடு எது என்றுகூடத் தெரியவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது.

அவர் நான் காட்டிய பக்கம் நன்றாகப் பார்த்தார். "நான் வந்து மூணு வருசம் ஆவுது. அங்க எப்பவும் புல்லுதான்மா" என்றார்.