பத்து மணித் தேநீர்

2005, ஜூன். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒரு மணி நேரங்கூடப் பறக்கவில்லை. கொழும்புக் கோட்டையில் காலை ரயிலேறி ஹட்டன் போய்ச் சேரத்தான் அரைநாளுக்கு மேல் ஆயிற்று. மூன்றாம் வகுப்புச் சீட்டு நூறு ரூபாய்க்கும் குறைவு. நாவலப்பிட்டியைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பெட்டியிலிருந்த எல்லோரும் பேச்சை நிறுத்தாமலே கம்பளிச் சட்டைகளை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். என்னிடம் ஒரு பருத்தித் துப்பட்டா மட்டுமே இருந்தது.

சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு மெய்ப்புத் திருத்துவது என் தொழில். சிறுவர்களுக்கான அறிவியல் களஞ்சியம். பக்கங்கள் மின்னஞ்சலில் வரும், திருத்தங்கள் மின்னஞ்சலில் போகும். ஆகவே எந்த ஊரிலிருந்தும் செய்யலாம், எங்கள் வீட்டைத் தவிர. அங்கே நான் ‘சும்மா இருக்கும் பெண்’. எரிவாயு உருளை வந்தாலும் விருந்தாளி வந்தாலும் என்னையே அழைப்பார்கள். என்னோடு திருச்சியில் முதுகலை படித்த இலங்கைப் பெண் செல்வி, கொழும்பில் ஆசிரியையாகிவிட்டதால் தேயிலைத் தோட்டத்தில் தன் அறை காலியாக இருப்பதாக எழுதினாள். அப்பா ஒரு நிபந்தனையோடு அனுப்பினார்: மூன்று மாதத்துக்குள் இந்த வேலை நிலைக்காவிட்டால் திரும்பிவந்து பி.எட். சேர வேண்டும்.

பிற்பகல். ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் பேருந்து. ஒவ்வொரு வளைவிலும் என் துணிப்பெட்டி என்னை விட்டு நகர, அதைக் காலால் தடுத்த நடத்துநர், “இந்தியாவா? துணி வியாபாரமா?” என்றார். குடியிருக்க வந்திருக்கிறேன் என்றேன். “இங்கயா?” என்றவர், மேலே ஒன்றும் கேட்காமல் சன்னலை இழுத்து மூடிவிட்டுப் போனார்.

செல்வியின் தாய் புஷ்பம்மா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறார். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. வீடு, பத்து வீடுகள் ஒரே கூரையின்கீழ் ஒட்டி நிற்கும் லயத்தில் மூன்றாவது. “வாங்க புள்ள, கால் நனஞ்சிருச்சே” என்று அடுப்படிக்கே அழைத்துப்போய், கொதிக்கும் தேநீரோடு உள்ளங்கையில் சீனியும் வைத்தார். சீனியை நக்கிக்கொண்டு, பாலில்லாத அந்தச் சாயத்தைக் குடிக்க வேண்டும். முதல் நாள் நான் சீனியைக் கோப்பையில் கொட்டிவிட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு கரண்டி தந்தார்.

செவ்வாய்தோறும் ஹட்டனுக்குப் போய், நிமிடத்துக்கு நான்கு ரூபாய் வாங்கும் இணையக் கடையில் பக்கங்களை அச்செடுத்து வருவேன். வீட்டிலிருந்து சிவப்பு மையால் திருத்தி, வெள்ளியன்று மறுபடி போய்த் திருத்தங்களைத் தட்டச்சு செய்து அனுப்புவேன். ஏற்பாடு சரியாகவே இருந்தது. லயத்தில் பகலில் வீட்டுக்குள் இருப்பவர் யார் என்பதை மட்டும் நான் அறியவில்லை. நோயாளி இருப்பார், பிள்ளை பெற்றவள் இருப்பாள், துக்கம் நேர்ந்தவர் இருப்பார். அவர்களைத் தனியே விடுவது அங்கே வழக்கமில்லை.

எனக்குத் துணையாக வந்தவர் பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா. முப்பது வயதிருக்கும். மழையில் வழுக்கி விழுந்து, இடக்கையில் மாவுக்கட்டோடு வேலைக்குப் போகாமலிருந்தார். முதல் நாள் பலாக்கொட்டை கொண்டுவந்தார். மறுநாள் வானொலியையே தூக்கிவந்தார்.

“என்னா புள்ள, எப்பப் பாத்தாலும் படிச்சிக்கிட்டே இருக்க? பரீட்சையில போயிருச்சா?”

“இல்லக்கா, இது...”

“போனாப் போவுது. எங்கண்ணன் மூணு தடவ எழுதுனான். இப்ப கொழும்புல கட வச்சிருக்கான். மனசு விட்டுறாத.”

கட்டுப்போட்ட கையோடு எனக்காக உட்கார்ந்திருப்பவரிடம் போய்விடுங்கள் என்று எப்படிச் சொல்வது? தலையசைத்துக்கொண்டே பறவைகள் பகுதியைத் திருத்தினேன். மூன்றாம் வெள்ளியன்று கடையில் பதிப்பாசிரியரின் மின்னஞ்சல் காத்திருந்தது. ஒரு முழுப் பக்கம் திருத்தப்படாமலே வந்திருக்கிறது. மீன்கொத்தியின் படத்துக்குக் கீழே ஆந்தையின் பெயர் இருக்கிறது. இன்னொரு முறை இப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம்.

அன்று மாலை அடுப்படியில் புஷ்பம்மாவிடம், ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கலாம் என்றேன். காரணத்தை ராசாத்தி அக்காவின் பெயர் வராமல் சொன்னேன். அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

“அப்ப நீ இத்தன நாளா வேலையா பாத்துக்கிட்டு இருந்த?”

“ஆமாம்மா.”

“வீட்டுக்குள்ள இருந்தா எங்களுக்கு எப்புடித் தெரியும்? வேலன்னா காலையில கெளம்பிப் போவணும்ல. ஒடம்பு சரியில்லயோ, ஊர்ல என்னமும் நடந்துருச்சோன்னு நாந்தான் ராசாத்திய அனுப்புனேன். அவ வரமாட்டேன்னா. படிச்ச புள்ளகிட்ட என்னத்தப் பேசுறதுன்னு பயந்தா.”

மறுநாள் அவர் தோட்ட அலுவலகத்தில் என் வேலைக்கு ஓர் இடம் கேட்டு அனுமதி வாங்கினார். புதன் காலை கூடையும் பிளாஸ்டிக் உறையுமாகப் பெண்கள் பெரட்டுக்களத்துக்குக் கிளம்பினார்கள். ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் இடம் அது. நானும் காகிதக் கட்டை நனையாமல் சுற்றிக்கொண்டு அவர்களோடு நடந்தேன். களத்தருகே அவர்கள் மேலேறினார்கள். நான் புஷ்பம்மாவோடு பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்பினேன். பின்னறையில் பால்மா டின்களுக்கு நடுவே ஒரு மேசை. சுவருக்கு அப்பால் குழந்தைகள் முறைவைத்து அழுதார்கள். அந்தச் சத்தங்களில் ஒன்றுகூட என்னை அழைக்கவில்லை. ஆகவே எதுவும் தொந்தரவாக இல்லை.

பத்து மணி. மலையில் வேலை செய்பவர்களுக்குத் தேநீர் போகும் நேரம். சன்னலில் நிழல் தட்டியது. ராசாத்தி அக்கா. நல்ல கையில் தூக்குப்போணி; கோப்பையை மாவுக்கட்டுக்கும் மார்புக்கும் இடையில் இடுக்கியிருந்தார். சன்னல்கட்டையில் கோப்பையை வைத்துத் தேநீர் ஊற்றி, ஒரு காகிதத் துண்டில் சீனியும் வைத்தார். நான் நிமிர்ந்தேன். அவர் உதட்டின்மேல் விரலை வைத்து, என் காகிதத்தைக் காட்டிவிட்டு நடந்தார். அத்தனை பேச்சையும் அவர் எப்படி அடக்கினார் என்பது எனக்குத் தெரியாது. வாசலைக் கடந்ததும் புஷ்பம்மாவிடம் அவர் குரல் எழுந்தது: “அய்யோ, தல வெடிச்சிரும் போல இருக்கு.”

அந்த வாரப் பக்கங்களுக்கு ஒரே வரியில் பதில் வந்தது: அடுத்த தொகுதியும் உங்களுக்கே.

விசாவை நீட்டிக்கக் கொழும்புக்குப் போகும் நாளில் ராசாத்தி அக்கா சந்திவரை வந்தார். கட்டு அவிழ்த்த கை இன்னும் மெலிந்திருந்தது. அந்தக் கையாலேயே என் பையைத் தூக்குவேன் என்று பிடிவாதம் பிடித்தார். பேருந்து வளைவில் தெரிந்ததும் கேட்டார்:

“எத்தன நாளு லீவு போட்டிருக்க?”

“மூணு நாள்க்கா.”

“மேல ஒரு நாளு தங்கிறாத. பேர வெட்டிருவாங்க.”

நாள் தவறினால் தோட்டத்தில் ஆள்பெயரை அடித்துவிடுவார்கள். அந்த அச்சத்தை அவர் எனக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். சரி என்றேன்.

அன்றிரவு கொழும்பிலிருந்து தொலைபேசியில் பேசியபோது, “அங்கேயும் சும்மாதான் இருக்கிறாயா?” என்றார் அப்பா. நான் லீவில் வந்திருக்கிறேன் என்றேன்.