ஹெர்திஸின் கார் அணையும் காலைகள்

ஹெர்திஸ் பிறந்து வளர்ந்தது நார்வேயின் உள்நாட்டு மேட்டுநிலத்தில். அங்கே ஜனவரியில் மைனஸ் நாற்பது வரும். மூக்குக்குள் மயிர் உறைந்து குத்தும். அந்தக் குளிரிலும் தன் சிவப்புக் காரைத் தானே பழுதுபார்த்து ஓட்டியவள். ஐம்பத்துமூன்று வயதில், வேலை பார்த்த பால்பண்ணை மூடிப்போகவே, 1996 ஆகஸ்டில் மேற்குக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தாள். மலைகளுக்கு நடுவே நீண்டு நுழையும் ஃபியோர்டு என்ற கடற்கழிக்கு அக்கரையில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். அந்த மூன்று மாதம் முடியப் போகிற அக்டோபரில்தான் கார் வம்பு பண்ண ஆரம்பித்தது.

ஓடும்போது ஒரு குறை சொல்ல முடியாது. அக்கரைக்கு வண்டிகளை ஏற்றிப் போகும் காலை ஆறு நாற்பது படகு வாய் திறந்து, வண்டிகள் ஒவ்வொன்றாக நகரும்போதுதான், நின்றபடி ஓடும் ஐட்லிங்கில் இரண்டு இருமல் இருமும், பொசுக்கென்று அணைந்துவிடும். சாவியைத் திருகினால் முக்குமே ஒழியக் கிளம்பாது. பின்னால் நிற்பவர்கள் சுற்றிக்கொண்டு ஏறிப் போய்விடுவார்கள். பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் தொட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி உறுமும். அதற்குள் படகு நடு ஃபியோர்டில் இருக்கும்.

முதல் தடவை நின்றபோதே, வண்டிகளை ஏற்றிவிடும் படகுக்காரன் ஆர்ன்ஃபின் ஜன்னலில் குனிந்தான்.

"ஏர் ஃபில்டர் கைப்பிடியைக் குளிர் பக்கம் திருப்பிட்டியா?"

அந்தக் காலத்து வண்டிகளில் அப்படி ஒன்று உண்டு. கோடைப் பக்கம் வைத்தால் எஞ்சின் வெளிக்காற்றை இழுக்கும். குளிர் பக்கம் வைத்தால் புகைக்குழாயின் சூடு பட்ட காற்றை இழுக்கும்.

ஹெர்திஸ் சிரித்துவிட்டாள். "இதுக்குப் பேரு குளிரா? நாலு டிகிரி இருக்குப்பா. எங்க ஊர்ல இந்த வெயிலுக்குத் துணி காயப்போடுவோம்."

"சரிங்க, மேட்டுநாட்டு மகாராணி," என்று அவன் ஒதுங்கிக்கொண்டான்.

மைனஸ் பதினைந்துக்கு முன்னால் அந்தக் கைப்பிடியைத் தொட்டால் அவள் ஊரில் கேலி பேசுவார்கள். அவளும் பேசியிருக்கிறாள்.

இரண்டாவது தடவை படகைத் தவறவிட்டபோது இல்லத்தின் மேலாளர் வெங்கே கோபப்படவில்லை.

"இருபத்திரெண்டு பேரு கஞ்சிக்காக உக்காந்திருந்தாங்க, ஹெர்திஸ். உன் கை ருசி எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்."

அந்த வாரம் முழுக்க பானெட்டைத் திறந்தபடியே கிடந்தாள். ஸ்பார்க் பிளக் மாற்றினாள். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினாள். ஐட்லிங் ஸ்க்ரூவைக் கால் சுற்று ஏற்றினாள். ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் நெருடிப் பார்த்தாள். ஒன்றிலும் விரிசல் இல்லை. ஒயரில் ஈரம் இறங்குகிறதோ என்று பிளாஸ்டிக் தாள் சுற்றினாள். வீட்டு வாசலில் நின்று ஓடினால் அரைமணி நேரம் பூனைக்குட்டி மாதிரி குறுகுறுக்கும். துறைக்கு வந்தால் திமிர். ஓட்ஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தில் நாள்வாரியாகக் குறித்து வந்தாள். புல் வெளுத்து உறைந்த காலைகளில் கார் ஒரு நாளும் படுத்தவில்லை. நின்றதெல்லாம் தூறல் நாள். நாலு டிகிரி, ஐந்து டிகிரி. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. உறைகிற நாளில் ஓடுகிற வண்டிக்கு மழையில் என்ன கேடு?

அக்டோபரின் கடைசி வியாழன். தூறல். அவளுக்கு முன்னால் மூன்றே வண்டிகள். கார் இருமியது, அணைந்தது.

இந்தத் தடவை அவள் சாவியைத் தொடவில்லை. இறங்கி ஓடி, பானெட்டைத் தூக்கி, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, டார்ச்சை அடித்தாள். பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டரின் தொண்டை வெள்ளையாக இருந்தது. விரலை விட்டாள். ஐஸ்.

"ஆர்ன்ஃபின்! இங்க வா! உள்ள ஐஸ் கட்டியிருக்கு! வெளியில மழை பெய்யுது, உள்ள ஐஸ்!"

எட்டிப் பார்த்தவன் தலையாட்டினான். "பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கும்ல? ஈரக் காத்து, அங்கேயே உறைஞ்சிடும். உங்க ஊர்க் காத்து வறண்ட காத்து. இதைத்தானே நான் அன்னிக்கே—"

"சொன்னே, சொன்னே. அப்புறமா திட்டு. எத்தனை நிமிஷம் இருக்கு?"

"மூணு. நான் கேட்டா கேப்டன் நாலு குடுப்பார்."

ஹெர்திஸ் பிளாஸ்கை எடுத்து வந்து, கொதிக்கிற காப்பியைக் கார்புரேட்டரின் வெளிப்பக்கமாகச் சுற்றி ஊற்றினாள். ஆவி முகத்தில் அடித்தது.

"காப்பி குடிக்கிற காரை இப்பத்தான் பாக்குறேன்," என்றான் ஆர்ன்ஃபின்.

"வாயை மூடிக்கிட்டு டார்ச்சைப் பிடி."

மூடியைத் திருகினாள். கைப்பிடியைக் குளிர் பக்கம் தள்ளினாள்; நாலு டிகிரியில், வாழ்க்கையில் முதல் தடவையாக. சாவி. ஒரு முக்கல், இரண்டு முக்கல், பிடித்துக்கொண்டது. கடைசி வண்டியாகப் படகில் ஏறினாள்.

அக்கரையில் இல்லத்து முற்றத்தில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு நூறு வரை எண்ணினாள். தூறல் நின்றபாடில்லை. எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை.

சமையலறையில் கஞ்சி கொதிக்கத் தொடங்கியபோது வெங்கே ஒரு தாளோடு வந்தாள்.

"கிறிஸ்துமஸ் வாரத்துக்கு யாருக்கு எந்த வேலைன்னு பட்டியல் போட்டுக்கிட்டிருக்கேன். நீ அப்பவும் இங்கதான். இருபத்துநாலாம் தேதி ஆட்டு விலாக்கறி நீ பண்றியா?"

ஹெர்திஸ் கரண்டியைத் தட்டிவிட்டுச் சொன்னாள்: "எங்க ஊர்ல அன்னிக்குப் பன்னிக்கறிதான். ஆட்டு விலாவை இங்க எப்படி வேகவைப்பீங்கன்னு யாராவது சொல்லுங்க. மறுத்துப் பேசாம கேட்டுக்கறேன்."