பாதுஷா வெட்டிய ஓரம்

மதுரை காஜிமார் தெரு பைண்டர் பாதுஷா தைத்த புத்தகத்தை மேசைமேல் நிறுத்தினால் செங்கல் மாதிரி நிற்கும். தைத்து முடித்ததும் மூன்று பக்கமும் ஓரம் வெட்டி, கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். இடறினால் மறுபடி வெட்டுவார். அரபிக் கிதாபுகளை மட்டும் வெட்டமாட்டார். மார்க்கம் படித்த ஆலிம்கள் விளக்கம் எழுதுவது ஓரத்தில்தான் என்பது சின்ன வயதிலேயே அவருக்குத் தெரியும்.

1937-ல் ரயில்வே எஞ்சினியர் கெல்லி துரை தன் குடும்பத்துப் பழைய காகிதக் கட்டு ஒன்றைக் கொடுத்து, கப்பலில் ஊருக்கு அனுப்பவேண்டும், பத்திரமாகக் கட்டித் தரவேண்டும் என்றார். நடுவில் இங்கிலீஷில் மழை, விதைப்பு பற்றிய குறிப்புகள். ஓரமெல்லாம் பொடிப்பொடியாக வேறு ஏதோ கோடுகள். யாரோ பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்திருக்கிறார்கள் என்று பாதுஷா நினைத்துக்கொண்டார். தைத்தார், வெட்டினார். வெட்டின துண்டுகளை, காகிதக்கூழில் கூடை செய்யும் வில்லாபுரத்து மாயக்காள் வழக்கம்போல அள்ளிப்போனாள்.

மறுநாள் காலை துரை கடை வாசலில் வந்து நின்றார்.

"பாய், ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன். ஓரத்துல இருக்கறதுதான் முக்கியம். எங்க ஐரிஷ் பாஷையில பாட்டு. அந்தப் பாஷையை மீட்கணும்னு அயர்லாந்துல ஒரு சங்கம் இருக்கு. அவங்கதான் கேக்கறாங்க."

புத்தகம் பசை காய அழுத்துக்கட்டையில் இருந்தது. "சாயங்காலம் வாங்க தொர," என்றார் பாதுஷா.

வில்லாபுரத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"என்ன பாய், குடுத்ததத் திருப்பிக் கேக்க வந்தீகளா?"

"நேத்து அள்ளுனியே, அந்தத் துண்டெல்லாம் எங்க?"

"வெந்தயம் போட்டு இடிச்சுப் பானையில அப்பியாச்சு. அந்தா காயுது. ஒரு கைப்பிடி மிச்சம் கெடக்கு. அதுல அம்புட்டு என்ன இருக்கு?"

"பாட்டு இருக்காம்."

மாயக்காள் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய் மிச்சத்தை எடுத்துவந்தாள்.

திரும்பும் வழியெல்லாம் அவர் மனசு குறுகியது. அரபி எழுத்தாக இருந்தால் கை தானாக நின்றிருக்கும். தெரியாத எழுத்து என்பதால் எழுத்தே இல்லை என்று முடிவுகட்டிவிட்டார். "கரையான் அரிச்சிருந்துச்சு தொர" என்று சொல்லிவிடலாமா என்றும் யோசித்தார். அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தார்.

சாயங்காலம் துரை புத்தகத்தை வாங்கி, பிரிக்காமலே ஓரத்தைத் தடவினார். "எம்புட்டு நேரா இருக்கு பாய்," என்றார், மதுரைக்காரர் மாதிரி.

பாதுஷா மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். துண்டுகளை மேசைமேல் வைத்தார். "பாட்டோடதான் வெட்டிட்டேன் தொர. மிச்சம் இம்புட்டுத்தான். மத்தது கூழாப் போச்சு."

துரை புத்தகத்தைப் பிரித்தார். வரிகள் பாதியில் நின்றன. ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "எனக்கும் படிக்கத் தெரியாது," என்றார் மெதுவாக. "அந்தப் பாஷை பேசினா பள்ளிக்கூடத்துல அடிப்பாங்கன்னு எங்கம்மா சொல்லியே தரல."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பாதுஷாவுக்கு.

படிக்கத் தெரியாத இருவரும் அறுந்த கோட்டுக்குக் கோடு பொருத்தினார்கள். பொருந்தியதைப் பாதுஷா பசை தடவி ஒட்டினார். ஓரம் பல்லுப்பல்லாக நீட்டிக்கொண்டு நின்றது. அதைத் தடவிப் பார்க்க அவர் விரலைக் கொண்டுபோகவில்லை.

பின்னட்டைக்குள் தன் பெயர்ச்சீட்டை ஒட்டுவது அவர் வழக்கம். அன்று சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இது வேண்டாம்னா விட்டுடுங்க பாய்," என்றார் துரை.

"ஒட்டணும் தொர. வெட்டுனது யாருன்னு அந்தச் சங்கத்துக்காரவுக கேப்பாகல்ல," என்று சொல்லி, பெயர் தெரியும்படி நேராக ஒட்டினார்.