பார்க்க வந்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்குள் மட்டும் சனிக்கிழமை முடிந்திருக்காது. மந்தைவெளிப் பக்கம் எங்கள் ஃபிளாட்டில் இருந்த மற்ற வீட்டுக்காரர்களெல்லாம் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, மீன்கார அக்கா வந்தாச்சா என்று பால்கனியில் எட்டிப் பார்க்கும் நேரம் அது. அத்தையின் லேப்டாப்பில் அப்போதும் அமெரிக்காவின் சனிக்கிழமை ராத்திரி ஓடிக்கொண்டிருக்கும். மூலையில் 'நேரலை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். நேற்று ராத்திரி எப்படி இன்று காலையில் நேரலையாக நடக்கும் என்று கேட்டால், பூமி உருண்டைடி என்பாள். பூமி உருண்டை என்று எனக்கும் தெரியும், பாடத்தில் இருந்தது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் புரியவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. அமெரிக்காவில் டிவியில் எந்த ஆட்டத்தை எவ்வளவு நேரம் காட்டுகிறார்கள், அதை எத்தனை பேர் பார்க்கிறார்கள், போன வருஷத்தைவிடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்றெல்லாம் எழுதி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்புகிற கம்பெனி அது. அமெரிக்காக்காரன் எதைப் பார்க்கிறான் என்று அவனுக்கே தெரியாதா, கிண்டியிலிருந்து ஒரு ஆள் சொல்லத்தான் வேண்டுமா என்று அப்பா கேட்பார். அவர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவு மேனேஜர். நாற்பது புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களை எங்கள் கடையில் யாராவது எழுதி வைக்கிறார்களா என்பது அவருடைய வாதம். எழுதி வைத்திருந்தால் உங்கள் கடை இன்னும் நன்றாக ஓடியிருக்கும் அண்ணா என்பாள் அத்தை.

எனக்கு அந்த ஆட்டமே குழப்பம். புட்பால் என்று பேர் வைத்துவிட்டுப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஓடுகிறவன்மேல் நாலு பேர் விழுந்து அமுக்கினார்கள். விசில் ஊதியதும் எழுந்து சும்மா நின்றார்கள். உடனே விளம்பரம். விளம்பரம் வந்தால் அத்தை எழுந்து போவாள் என்று பார்த்தால், அப்போதுதான் இன்னும் கவனமாகப் பார்ப்பாள். எந்தப் பெயர் எத்தனை நொடி தெரிந்தது என்று சிவப்புப் பேனாவால் நோட்டில் குறித்துக்கொள்வாள்.

போனில் அவள் அடிக்கடி சொன்ன சொல் வியூவர்ஷிப். இந்த வாரமும் வியூவர்ஷிப் இறங்கிவிட்டது, இப்படியே இறங்கினால் எங்கே போய் நிற்குமோ என்பாள். நான் அதை ஏதோ கப்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நடுக்கடலில் மூழ்கிக்கொண்டிருக்கிற கப்பலைப் பற்றி இவ்வளவு நிதானமாகப் பேசுகிறாளே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. கப்பலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அத்தை சிரித்த சிரிப்பில் காபி புரையேறிவிட்டது. பிறகு விளக்கினாள். அது கப்பல் இல்லையாம். பார்க்கிறவர்களின் எண்ணிக்கையாம். பார்க்கிறவர்கள் குறைந்தால் ஆட்டத்தைக் காட்டுவது குறையும், காட்டுவது குறைந்தால் அதை எழுதுகிற வேலையும் குறையும். இது எனக்கு நன்றாகப் புரிந்தது. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

வேலை விஷயத்தில் அத்தைக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே காரணத்துக்குத்தான். ஒரு மணி நேர விளையாட்டுச் செய்தியில் பெண்கள் ஆட்டத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் காட்டி முடித்துவிடுவார்கள். கேட்டால் அதைப் பார்க்க ஆளில்லை என்பார்களாம். "காட்டினாத்தானேடி பார்ப்பாங்க" என்று அத்தை என்னிடமே சண்டைக்கு வருவதுபோல் சொல்வாள். அந்த வார்த்தை என் மனசில் அப்படியே நின்றுவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமையலறையில் அம்மாவும் அப்பாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஹாலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன், அதாவது காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். குழாய்ச் சத்தத்துக்கு நடுவே இரண்டு வாக்கியம் மட்டும் விழுந்தது. "பார்க்க வர்றவங்க வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க" என்றாள் அம்மா. "அவளுக்கு வேலை போயிடுமேன்னுதான் கவலை" என்றார் அப்பா.

அம்மா சொன்னது அத்தையைப் பெண் பார்க்க வருகிறவர்களை. அத்தைக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஆதம்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று அவர்கள் முன்கூட்டியே கறாராகச் சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. முந்தைய தடவை யாரோ வந்தபோது கீழ்வீடு வரை போய் நான் தமுக்கடித்துவிட்டதால், இந்தத் தடவை என் வாய்க்குப் பயந்து, விருந்தாளிகள் வருகிறார்கள் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள். ஆக எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வியூவர்ஷிப் குறைகிறது, அத்தைக்கு வேலை போகப்போகிறது. பெரியவர்கள் சமையலறையில் நின்று பெருமூச்சு விடுகிறார்களே தவிர, ஆள் சேர்க்க ஒருவரும் கிளம்பவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நான் கிளம்பினேன். எட்டு வீட்டிலும் மணி அடித்தேன். நாளைக்கு எங்கள் வீட்டில் அமெரிக்க ஆட்டம் போடுகிறார்கள், தயவுசெய்து வந்து பாருங்கள், இல்லாவிட்டால் எங்கள் அத்தைக்கு வேலை போய்விடும் என்று கெஞ்சினேன். மூன்றாம் மாடி மாமிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடமும் சொன்னேன், வாட்ச்மேனிடமும் சொன்னேன். லிப்டில் ஒட்டுவதற்கு ஒரு நோட்டீஸ் எழுதினேன். 'ஞாயிறு காலை 8 மணிக்கு எங்கள் வீட்டில் அமெரிக்கப் புட்பால். அனைவரும் பார்க்க வரவும். சுண்டல் உண்டு.' சுண்டல் என் சொந்தக் கற்பனை.

ஒட்டுவதற்கு முன்னால் எழுத்துப்பிழை பார்க்க அத்தையிடம்தான் கொண்டுபோனேன். அவள்தான் என் கட்டுரைகளையெல்லாம் திருத்துவாள். வாங்கிப் படித்தவள், இது என்னத்துக்கு என்று கேட்டாள். பார்க்க வருகிறவர்கள் குறைந்துவிட்டதையும் அவளுக்கு வேலை போகப்போவதையும், அம்மா சொன்னது, அப்பா சொன்னது என்று பிரித்து ஒப்பித்தேன். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து, 8 என்பதை அடித்து 9.30 என்று எழுதினாள். எட்டு மணிக்கே வந்தால் போரடித்துப் போய்விடுவார்களாம். 'சுண்டல்' என்பதில் புள்ளி விட்டுப்போயிருந்தது, அதையும் வைத்தாள். "நல்லா பெரிசா தெரியற இடமா ஒட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அத்தைக்கும் அம்மாவுக்கும் ஒரு சின்னச் சண்டை. இன்றைக்காவது லீவு போடக் கூடாதா என்று அம்மா கேட்டாள். முடியாது அண்ணி, ஆள் இல்லை என்றாள் அத்தை. பட்டுப்புடவை கட்டச் சொன்னதற்கு மறுபேச்சில்லாமல் கட்டிக்கொண்டாள். அதோடு லேப்டாப்பை ஒயர் போட்டு ஹாலில் இருந்த பெரிய டிவியில் மாட்டினாள். அம்மா பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கடைக்கு லீவு போட்டுவிட்டுப் பூவும் பழமும் வாங்க மாட வீதிக்குப் போயிருந்தார்.

ஒன்பது இருபதுக்கு முதலில் வந்தது மூன்றாம் மாடி மாமி, கையில் ஒரு டப்பா முறுக்கோடு. பின்னாலேயே முதல் மாடி அண்ணன்கள், கீழ்வீட்டுத் தாத்தா, வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், அவர் மச்சான். மீன்கார அக்கா பட்டினப்பாக்கத்திலிருந்து வந்த கூடையோடு, அது என்ன கூட்டம் என்று பார்க்க உள்ளே வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மா ஜல்லிக்கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். வந்தவர்களைப் போங்கள் என்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. வாங்க வாங்க என்றாள். அவள் முகம் போன போக்கை நான் ஆள் சேர்ந்த சந்தோஷத்தில் கவனிக்கவில்லை.

"இன்னாமா இது, பந்தைக் கைல புட்ச்சிக்கினு ஓடறான், புட்பாலுன்றீங்க" என்றார் இஸ்திரிக்காரர். நானாவது தனியாகக் குழம்பிக்கொண்டிருந்தேன், இப்போது ஹாலே குழம்பியது. மீன்கார அக்காவுக்கு அதெல்லாம் கவலையில்லை. "இதுல நம்ம ஆளுங்க யாரு?" என்று அதை மட்டும் கேட்டாள். அத்தை நீலச் சட்டைக்காரர்களைக் காட்டினாள். அவ்வளவுதான், ஹால் முழுக்க நீலத்துக்குக் கட்சி கட்டிவிட்டது. பட்டுப்புடவையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு அத்தை விளக்க ஆரம்பித்தாள். நாலு வாய்ப்பு, அதற்குள் பத்து கஜம் போயாக வேண்டும். நடுவில் விளம்பரம் வந்தால் நோட்டில் வேறு குறித்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

சொன்ன நேரத்துக்குக் கால் மணி தாமதமாக ஆதம்பாக்கத்துக்காரர்கள் வந்தார்கள். வாசலில் ஒரு குவியல் செருப்பு. கதவு விரியத் திறந்திருக்கிறது. உள்ளே தரையெல்லாம் ஆட்கள், ஒருவரும் மூச்சு விடவில்லை. பத்து கஜம் ஆகிவிட்டதா என்று மைதானத்தில் சங்கிலி வைத்து அளந்துகொண்டிருந்த நேரம் அது. மாப்பிள்ளையின் மாமா வாசலிலேயே நின்று, கதவோரம் இருந்த வாட்ச்மேனிடம் தணிந்த குரலில் கேட்டார். "எப்ப தவறினாங்க?"

வாட்ச்மேன் டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இன்னும் தவறலை சார், ஒரு சாண்தான் பாக்கி" என்றார்.

அந்தக் கணத்தில் நீலம் பத்து கஜத்தைத் தொட்டுவிட்டது. ஹாலே எழுந்து கத்தியது. மீன்கார அக்கா விசிலடித்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு படி கீழே இறங்கிவிட்டார். பூவும் பழமுமாக அப்போதுதான் மாடியேறி வந்த அப்பா, கூட்டத்தையும் விருந்தாளிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கூடைக்குப் பக்கத்தில் அவர்களுக்கு நாற்காலி போட்டார்கள். பஜ்ஜித் தட்டு கை மாறிப் போனதில் அவர்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து மூன்று பஜ்ஜி கிடைத்தது. மாப்பிள்ளை மட்டும் ஸ்கோர் என்ன என்று கேட்டார், அவர் அம்மா திரும்பிப் பார்த்ததும் அதோடு நிறுத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகூடவா வேலை என்று அந்த அம்மா அத்தையிடம் கேட்டார். அத்தை எழுந்து நின்று மரியாதையாகத்தான் பதில் சொன்னாள்.

"சனி, ஞாயிறுதாங்க எங்களுக்கு முக்கியமே."

கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். சொல்லவேயில்லை. எல்லோரும் போன பிறகு அத்தையிடம் நான் கணக்கு ஒப்படைத்தேன். மொத்தம் முப்பத்தொரு பேர், கடைசியாக வந்த ஐந்து பேரையும் சேர்த்து. ஏறிவிட்டதா என்று கேட்டேன். அத்தை என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். "ஏறிடுச்சுடி" என்றாள். அவள் வயிறு குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, முகத்தைப் பார்க்க விடவில்லை.

அம்மா என்னோடு நாலு நாள் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்று சொன்னாள். அத்தைக்கு அப்புறம் எதுவும் அமையவில்லை. அவளாகவே ஒரு கட்டத்தில் போதும் அண்ணி என்று சொல்லிவிட்டாள். இன்றைக்கு அதே கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள், அடையாறில் தனி வீடு. இருந்தாலும் ஏதாவது கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால் அம்மா ஆரம்பித்துவிடுவாள், இவள் அன்றைக்கு ஊரைக் கூட்டாமல் இருந்திருந்தால் என்று. பதினைந்து வருஷமாக நான் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கேட்டு வருகிறேன்.

போன மாதம் என்னைப் பார்க்க ஒரு குடும்பம் வருவதாக அம்மா ஏற்பாடு செய்தாள். செய்தி கேட்டு அத்தை ஆபீசிலிருந்து போன் செய்தாள். பையன் என்ன படித்திருக்கிறான், என்ன வேலை என்று எல்லோரும் கேட்கிற எதையும் கேட்கவில்லை.

"உனக்கு இஷ்டமாடி?"

தெரியவில்லை அத்தை, யோசிக்க வேண்டும் என்றேன்.

"நல்லா யோசி. வேணாம்னா, எத்தனை மணிக்கு வர்றாங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

போனை வைத்த பிறகுதான் லிப்டில் ஒட்டிய அந்த நோட்டீஸ் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு ஆட்டம் தொடங்கியது எட்டு மணிக்கு. நான் எழுதியதும் எட்டுதான். ஒன்பதரைக்கு வருவதாக இருந்தவர்கள் ஆதம்பாக்கத்துக்காரர்கள்.